மருமகளின் கண்ணாடிப் பல்

ஜெனி பல் உறையைக் கழற்றும் ‘டக்’ சத்தம் கேட்ட பிறகுதான் அந்த வீட்டில் தட்டு வைப்பார்கள்.

முன்பெல்லாம் பசித்தவர் கேட்டால் சோறு வரும். இப்போது மருமகளின் வாய் தயாரானால்தான் வரும். வீட்டு மகள் மகிழினி இதைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை. அம்மா மலர்க்கொடி அதைக் காதில் போட்டுக்கொண்ட நாளும் இல்லை.

போன வாரம் சண்டை முற்றியது டீயில். உறை போட்ட வாயால் டீ குடிக்க முடியாது. குடிக்க வேண்டுமென்றால் கழற்றி, குடித்து, பல் தேய்த்து, திரும்ப மாட்ட வேண்டும். மருமகளுக்கு எதற்கு அந்த பேஜாரு என்று, மலர்க்கொடி நாலு மணி டீயையே நிறுத்திவிட்டாள். மத்தியானச் சோறு முடிந்த கையோடு டீ. சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் புழுதியை முழுங்கிக்கொண்டு வந்த மகிழினிக்கு, கழுவிக் கவிழ்த்த டீப் பாத்திரம்தான் கிடைத்தது.

“இந்த வூட்ல பல்லுக்குக்கூட அம்மா கீது. எனுக்குத்தான் இல்ல.”

அதைக் கேட்டு ஜெனி அழுதாள். ஜெனி அழுததால் தம்பி சித்தார்த் அக்காவிடம் பேசுவதை நிறுத்தினான். அந்தச் சாயங்காலம்தான் ஜெனியின் அம்மா தேவகிருபையிடமிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மகளைப் பார்க்க வருகிறார்களாம்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறை.

அந்த ஞாயிறு விடிந்துவிட்டது.

காசிமேட்டுக்குப் போய் சித்தார்த் வஞ்சிரம் வாங்கி வந்திருந்தான். மலர்க்கொடி எதிர்வீட்டில் சோபா உறை இரவல் வாங்கி விரித்திருந்தாள். அம்பேத்கர் படத்துக்கும் புத்தர் படத்துக்கும் புதுப் பூ. வருகிறவர்கள் கல்மண்டபத்தில் அரிசி மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். பெண்ணுக்குச் சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்ததை இன்னும் சாவு வீட்டு விஷயம் போலத் தணிந்த குரலில் பேசுகிறவர்கள். அவர்களுக்காக இந்த வீடு காலை ஆறு மணியிலிருந்து தன்னைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மகிழினிக்கு எரிந்தது. தன்னைப் பெண் பார்க்க யாராவது வந்திருந்தால்கூட இத்தனை பினாயில் செலவாகியிருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் ஜெனி நின்றிருந்தாள். இன்று உறை மாற்றும் நாள். கண்ணாடி போன்ற மெல்லிய உறை, மேல் வரிசைக்கு ஒன்று, கீழ் வரிசைக்கு ஒன்று. ஒவ்வொரு ஜோடியும் பல்லை நூலளவு தள்ளும். தள்ளி முடித்ததும் அடுத்த ஜோடி. வழக்கமாகக் குளித்துவிட்டு மாற்றுவாள். பழைய ஜோடியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுவாள். இன்று அம்மா வரும்போது புது உறையின் வலி கொஞ்சம் பழகியிருக்கட்டும் என்று எழுந்ததுமே மாட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, கண்ணாடியில் மகிழினியைப் பார்த்துச் சிரித்தாள்.

“புதுசு, மைனி. ரொம்ப கடிக்குது.”

புருஷனின் அக்காவை அவர்கள் பக்கத்தில் மைனி என்பார்களாம். அந்த வார்த்தையே மகிழினிக்குப் பிடிக்காது. அதைவிட அந்தச் சிரிப்பு பிடிக்காது.

ஜெனிக்கு இது இரண்டாவது சுற்று. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கம்பி போட்டு நேராக்கிய பல். அப்புறம் ராத்திரியில் போடச் சொன்ன உறையைச் சோம்பலில் போடாமல் விட்டதால், சிங்கப்பல் மெல்ல முன்னால் ஏறி வந்துவிட்டது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு டோல்கேட் பக்கத்தில் ஏசி போட்ட ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டரில் பல்லின் படம், டஜன் கணக்கில் உறை.

மகிழினியின் பல்லை உற்றுப் பார்க்கத் தேவையில்லை. காலேஜ் இரண்டாம் வருஷம் கடைவாய்ப் பல் சொத்தையானது. காப்பாற்றலாம், செலவாகும் என்றார்கள். பிடுங்கினால் இலவசம் என்றார்கள். பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம் அது. பிடுங்கினார்கள். அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்த பல் சாய்ந்தது, அதற்குப் பக்கத்தில் இருந்தது திரும்பியது, வருஷங்கள் போகப் போக முன்பல் இரண்டும் பஸ்ஸில் சீட்டுக்கு இடிக்கிற ஆட்கள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி, பட்டம் வாங்கும் போட்டோவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள்.

ஒருத்திக்கு இரண்டு முறை. இன்னொருத்திக்கு ஒரு முறைகூட இல்லை. இதில் எந்த நியாயத்தைப் பேசுவது?

இட்லி எடுத்து வைத்தாள் மலர்க்கொடி. ‘டக்’ சத்தம் கேட்டது. ஜெனி புது உறைகளைக் கழற்றி சில்வர் டம்ளரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தாள். சாப்பிட்டாள். குளிக்கப் போனாள்.

மகிழினி தண்ணீர் எடுக்க சமையலறைப் பக்கம் வந்தபோது, அம்மா அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறைகளை விரலால் எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். ஒரு சொம்புக்குள் போட்டாள். அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர்ப் பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கினாள்.

சுடுதண்ணீர் ஆகாது. பட்டால் நெளிந்துவிடும். இது மகிழினிக்குத் தெரியும். எதற்கு எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே கழுவுகிறாய் என்று ஒருநாள் எரிச்சலாகக் கேட்டபோது ஜெனிதான் சொன்னாள். அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

‘யம்மா, ஊத்தாத’ என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது.

ஆனால் கண் முன்னால் நின்றது வேறு. தன் பள்ளிக்கூட டிபன் பாக்ஸைக்கூட நீயே கழுவிக்கோ என்று சொன்ன அம்மா, மருமகளின் எச்சில் உறையை முந்தானையில் துடைக்கிறாள். கொதிக்க வைத்துக் கொடுக்கப் போகிறாள். கைக்குழந்தையின் பால் பாட்டிலுக்குச் செய்வது போல.

ஊற்றட்டும். நன்றாக ஊற்றட்டும்.

மகிழினி தண்ணீர் எடுக்காமலே திரும்பிப் போய், அலமாரியைத் திறந்து, ஏற்கெனவே மடித்திருந்த துணிகளை மறுபடி மடித்தாள்.

குளித்து வந்த ஜெனி டம்ளரைத் தேடினாள். சொம்பில் இருப்பதைக் கண்டுபிடித்தாள். கையில் எடுத்தபோது அது பல் உறையாக இல்லை. வெயிலில் சுருண்ட கருவாடு மாதிரி இருந்தது. மாட்டிப் பார்த்தாள், ஏறவில்லை. திரும்பத் திரும்ப மாட்டிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பயம் பணத்தைப் பற்றியது அல்ல. ஒரு தடவை நேராக்கிய பல், கவனிக்காமல் விட்டதால் பழைய இடத்துக்கே ஓடியது. இந்தத் தடவையும் ஓடிவிட்டால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று விசும்பினாள். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை. பதில் இல்லை.

சித்தார்த் உறையைக் கையில் வாங்கிப் பார்த்தான். சுடுதண்ணீர் பட்டிருக்கிறது என்று ஜெனி சொன்னதும், யார் ஊற்றியது என்று கேட்டான். மலர்க்கொடி கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். அவன் அம்மா பக்கம் திரும்பக்கூட இல்லை.

“அக்கா, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்காத. போன வாரம் பேசுனது பத்தலியா உனுக்கு?”

அம்மாவைக் கேளு என்று சொல்ல மகிழினி வாயைத் திறந்தாள். மலர்க்கொடி பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கதவு இல்லாத சமையலறை. அரிசி டிரம்முக்குப் பின்னால் இருவரும் குனிந்து நிற்க வேண்டியிருந்தது.

டிரம் இடுக்கிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தாள் அம்மா. மூடியைத் திறந்து காட்டினாள்.

உள்ளே பல் உறைகள். ஜெனி இத்தனை மாதமாகக் குப்பையில் போட்ட உறைகள். கழுவித் துடைத்து, ஜோடி ஜோடியாகச் சேர்த்து, பூக்கட்டும் நாரால் கட்டி வைத்திருந்தது. உறையில் பொடிப்பொடியாக அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து, முதல் ஜோடி மேலே, கடைசி ஜோடி அடியில்.

“இன்னாமா இது?”

“உனுக்குத்தான்டி.”

மகிழினிக்குப் புரியவில்லை. அம்மா தாழ்ந்த குரலில் வேகமாகச் சொன்னாள். ஒவ்வொண்ணும் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளும் என்று ஜெனி சொன்னாளாம். போட்டு முடித்ததை அவள் தூக்கி எறிகிறாள். பூந்தொட்டிக்குள் போட்டால்கூட மக்காத பொருள், ஒரு கீறல் இல்லை, எதற்குக் குப்பைக்குப் போக வேண்டும்? முதல் நம்பரிலிருந்து வரிசையாக மகிழினி போட்டுக்கொண்டு வந்தால் அவளுக்கும் நேராகிவிடும் அல்லவா?

அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் வந்தது. பெரியம்மா மகளின் யூனிபார்ம், பக்கத்து வீட்டுப் பையனின் பாடப் புத்தகம், ஆபீஸ் மேனேஜர் கொடுத்த பழைய போன். மலர்க்கொடி மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடிகூட டோல்கேட் பிளாட்பாரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எழுத்து தெரிந்ததும் வாங்கியது. கண்ணுக்கு அப்படி என்றால் பல்லுக்கு ஏன் ஆகாது?

இன்றைக்கு விருந்தாளி போனதும் மகளிடம் கொடுப்பதாக இருந்தாளாம். இன்னொருத்தி வாயில் கிடந்ததைச் சும்மா கொடுக்கலாமா? அதனால் கொதிதண்ணீர். இன்று மாற்றும் ஞாயிறு, ஜெனி வழக்கமாகக் குளித்த பிறகுதான் மாற்றுவாள் என்பதால், டம்ளரில் கிடந்தது கழித்துப்போட்ட பழைய ஜோடி என்று நினைத்துவிட்டாள். அதைத்தான் முதலில் எடுத்தாள்.

“அன்னிக்கு நான்தான்டி உன்ன இட்டுகினு போயி பல்ல புடுங்க வுட்டேன். நீ கைய வச்சி வாய மூடிகினு சிரிக்க சொல்லோ எல்லாம் அதான் நெனச்சிப்பேன். எனுக்குத் தெரியாதா?”

மகிழினி பாட்டிலையே பார்த்தாள். அந்த உறைகள் ஜெனி வாயின் அச்சு, உலகத்தில் வேறு எந்த வாய்க்கும் சேராது என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். படித்தவள். எதையும் மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறவள் என்று பேர் எடுத்தவள். வரவில்லை.

கீழே கார் நின்றது. படியில் செருப்புச் சத்தம் மெல்ல ஏறி வந்தது.

மலர்க்கொடி பாட்டிலை மூடி இடுக்கில் திணித்தாள். மகளின் கையை இன்னும் விடவில்லை.

“அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லாதடி. மருமவ குப்பய கெளறி பொண்ணு வாய்ல வைக்கிற வூடுன்னு ஆயுசுக்கும் பேசும்.”

தேவகிருபை சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவை. முந்திரிக்கொத்து டப்பாவை டீப்பாயில் வைத்தாள். மலர்க்கொடி வைத்த தண்ணீர் டம்ளர் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. தொடவில்லை. தாகமில்லை என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அழுத முகத்தை எப்படி மறைப்பது? ஜெனி மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. விஷயம் வெளியே வந்தது. சுருண்ட உறையைத் தேவகிருபை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“நம்பிக் குடுத்த பிள்ளைக்க பல்ல வெந்நீ ஊத்தி அவிச்சா வச்சிருக்கீங்க? ஆருக்க வேல இது?”

சித்தார்த் தலையைக் குனிந்துகொண்டான். ஜெனி யாரையும் பார்க்கவில்லை. தேவகிருபையின் கண் மெல்ல நகர்ந்து மலர்க்கொடியிடம் வந்தது. மலர்க்கொடியின் கை முந்தானையைத் திருகியது, உதடு பிரிந்தது. இன்னும் ஒரு நொடி விட்டால் அவளே சொல்லிவிடுவாள். சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்றால் பாட்டில் வெளியே வர வேண்டும். இந்த வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடாத கை, அந்த நாரைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்க்கும்.

“நான்தான் ஊத்தினேன்” என்றாள் மகிழினி.

“எதுக்கு?”

“பொறாமை. வேற இன்னா இருக்கப் போவுது? உங்க பொண்ணுக்கு ரெண்டு தபா பல்லு கட்டறாங்க. எம் பல்லப் பாருங்க.”

வாயை நன்றாகத் திறந்து காட்டினாள். பட்டமளிப்பு விழாவில் திறக்காத வாய். பொய் சொல்வதற்கு அவளுக்குச் சிரமமே இருக்கவில்லை. பாதி உண்மைதானே. கொதிதண்ணீர் சொம்பில் விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

தேவகிருபை அந்த முன்பற்களைப் பார்த்தாள், பார்வையை விலக்கிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் விலக்கிக்கொண்ட முதல் பார்வை அதுதான்.

“ஒத்துக்கிட்டாளே, அது வரைக்கும் கொள்ளாம்” என்றாள். பிறகு மகளிடம் திரும்பினாள். “மோளே, துணிய எடு. கொஞ்ச நாளு எனக்க கூட வந்து நில்லு.”

ஜெனி புருஷனைப் பார்த்தாள். போகாதே என்று அவன் சொல்வான் என்று மகிழினியும் எதிர்பார்த்தாள்.

“போய்ட்டு வா” என்றான் சித்தார்த். “இந்த வூட்ல உன் வாய்கூட பத்திரமா இல்ல.”

பையை அவனே தூக்கிக்கொண்டு இறங்கினான். ஜெனி மலர்க்கொடியின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனாள். மகிழினியைத் தாண்டும்போது மைனி என்று கூப்பிடவில்லை. பிடிக்காத வார்த்தைதான். கூப்பிடாமல் போனது ஏன் உறைத்தது என்று மகிழினிக்குத் தெரியவில்லை.

சமையலறையில் வஞ்சிரக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் சாப்பிடவில்லை.

மலர்க்கொடி கேட்டாள், ஏன்டி உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று. நான் ஊற்றினதை நானே சொல்லியிருப்பேனே, என்ன, ரெண்டு வார்த்தை திட்டுவாங்க. உன் தம்பி இனிமேல் ஜென்மத்துக்கும் உன்னிடம் பேச மாட்டானே.

“அவன் ஏற்கெனவே பேசல. புதுசா இன்னா போச்சு?”

அம்மா அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. பாட்டிலை மறுபடி எடுத்து வைத்திருந்தாள். மேலே இருந்த முதல் ஜோடியின் நாரை அவிழ்த்து, குழாயில் கழுவி, மேல் உறையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ரேஷன் கார்டில் பேர் சேர்ந்துவிட்டதா என்று கேட்க வரிசையில் நிற்கும்போது முகத்தில் இருக்குமே, அந்த முகம்.

“இவ்ளோ ஆயிப்போச்சு. ஒரே ஒரு தபா போட்டுத்தான் பாரேன்.”

அருவருப்பாக இருந்தது. இன்னொருத்தியின் வாய். அதுவும் அந்த இன்னொருத்தி. இத்தனை மாதமாக இந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தாள். கண்ணாடியில் ஜெனி மாட்டும்போதெல்லாம், எப்படி இருக்கும் என்று நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்தும் இருக்கிறாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

வாங்கினாள். வாயில் வைத்து அழுத்தினாள்.

ஏறவில்லை. முன்பல்லின் மேல் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் அழுத்தினாள். ஒரு பக்கம் நழுவிப் போய்க் கடைவாயில் ‘டக்’ என்று சிக்கியது. அதே சத்தம். இத்தனை நாள் எரிச்சலோடு கேட்ட அதே சத்தம், தன் வாயிலிருந்து. விளிம்பு ஈறில் ஏறி வெட்டியது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

“கரீட்டா கீதா?” என்றாள் மலர்க்கொடி.

மகிழினி தலையை ஆட்டினாள்.

அம்மாவின் முகம் மலர்ந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. திரும்பி நின்று உறையை வெளியே இழுத்தாள். வரவில்லை. இழுக்க இழுக்க இறுகியது. உதட்டோரம் ரத்தம் கசிந்தது.

“அப்பிடி இழுக்காதீங்க, மைனி. ஈறு கிழிஞ்சிரும்.”

சமையலறை வாசலில் ஜெனி.

கையில் போன் இருந்தது. கார் கிளம்பும் நேரத்தில் டாக்டரிடமிருந்து பதில் வந்திருந்தது. புதுசு செய்து தரும் வரைக்கும் போன ஜோடியைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். நல்லவேளையாக இந்த முறை அதைக் குப்பையில் போடாமல் கண்ணாடிக்குக் கீழே நீலப் பெட்டியில் வைத்திருந்தாள். அதை எடுக்கத்தான் ஓடி வந்தாள்.

அவள் உள்ளே வந்தாள். மகிழினியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கடைவாயில் உள்பக்கமாக நகத்தை நுழைத்தாள்.

அப்போதுதான் மேடையில் திறந்து கிடந்த பாட்டில் அவள் கண்ணில் பட்டது. அவள் விரல் நின்றது. நாரால் கட்டிய ஜோடிகள். எண் வரிசை. பாட்டிலிலிருந்து கண் சொம்புக்கும், சொம்பிலிருந்து மலர்க்கொடிக்கும் போனது. மலர்க்கொடி முந்தானையால் பாட்டிலை மூடப் பார்த்தாள். அந்த அவசரத்தில் மூடி உருண்டு கீழே விழுந்தது.

கீழே காரின் ஹாரன் அடித்தது. ஒரு முறை. பிறகு நீளமாக.

“அத்தை” என்றாள் ஜெனி, விரலை மகிழினியின் வாயிலிருந்து எடுக்காமல். “அப்போ சுடுதண்ணி ஊத்தினது யாரு?”

மலர்க்கொடி மகளைப் பார்த்தாள். எந்தப் பேச்சுக்கும் உடனே பதில் வைத்திருக்கும் மகிழினி, ஜெனியின் உறை வாய் நிறைய இருக்க, ஒரு வார்த்தை பேச முடியாமல் நின்றாள்.

படியில் தேவகிருபையின் செருப்புச் சத்தம் மறுபடி ஏறி வந்தது. இந்த முறை மெதுவாக அல்ல.